இரண்டாவது சட்டி

என் ஜாதகத்தில் எட்டாம் இடத்தில் செவ்வாய் உட்கார்ந்திருந்தான். அவன் தயவில்தான் எனக்கு வேலைக்குப் போகக் கொடுத்து வைத்தது. வந்த வரன்களெல்லாம் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, கொடுத்த காப்பி ஆறுவதற்குள் எழுந்து போனார்கள். திருவள்ளூரில் பெருமாள் கோயில் கைங்கரியத்தை விட்டால் வேறொன்றும் தெரியாத குடும்பம் எங்களுடையது. கெமிஸ்ட்ரி படித்த பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது? கல்யாணம் ஆகிறவரைக்கும் போய்வரட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாவிட்டால் கோபம் என்று அர்த்தம்.

அப்படித்தான் எழுபத்தைந்தில் கும்மிடிப்பூண்டியில் ஒரு கெமிக்கல் கம்பெனி லேபில் சேர்ந்தேன். தொழிற்பேட்டை அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. பாதி இடத்தில் ஷெட், பாதி இடத்தில் முள்ளுக்காடு. திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். லாரி லாரியாக உப்பை வாங்கிக் கரைத்து, அதில் மின்சாரத்தை விட்டு என்னென்னவோ எடுக்கிற கம்பெனி. ஒவ்வொரு லாரியிலும் ஒரு பிடி உப்பை எடுத்து, அதில் உப்பைத் தவிர என்னென்ன இருக்கிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. எங்கள் வீட்டில் பெருமாளுக்கு உப்பும் மிளகும் காணிக்கை போடுகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவள் நான். உப்பு என் கூடவே வந்துவிட்டது என்று அப்பா கேலி செய்வார்.

லேபில் மூன்று பேர். எதற்கெடுத்தாலும் சலித்துக்கொள்ளும் ஆபீசர், நான், பிறகு பாட்டில் கழுவ வந்த ஒருத்தி. அவளுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. பழவேற்காடு ஏரியை ஒட்டிய குப்பத்துக்காரி. அவள் சாப்பாட்டு டப்பாவில் மீன் இருக்கும் என்பதால் முதல் ஒரு வாரம் எனக்கு மரியாதை கொடுத்து ஷெட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். அப்புறம் மழை வந்தது. நனைந்துகொண்டு சாப்பிடுவாயா, உள்ளே வா என்று அதட்டினேன். அன்றிலிருந்து ஒரே மேஜைக்கு இந்தப் பக்கம் என் தயிர்சாதம், அந்தப் பக்கம் அவள் மீன்குழம்பு. நடுவில் ஒரு பழைய பேப்பரை மடித்துத் தடுப்பு மாதிரி நிறுத்தி வைப்பாள். அந்தப் பேப்பர் தடுப்பை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, கண்ணும் கலங்குகிறது.

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆனவள், ஆனால் தாய் வீட்டிலிருந்து வேலைக்கு வருகிறாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என் கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று அவள் திருப்பிக் கேட்பாளே.

எழுபத்தாறு வைகாசியில் ஒரு நாள் நாலு தூறல் போட்டது. யார்டில் குவித்திருந்த உப்பில் ஒரு குவியல் ஒரு வாரத்தில் லேசாக ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு தட்டில் அதை அள்ளி வந்து அவளிடம் காட்டி, அழகாக இருக்கிறது பார் என்றேன். அவள் கையிலிருந்த குடுவை விழுந்து உடைந்தது. இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இத்த யாருக்கா தொட்டாங்க?" என்றாள்.

அன்றைக்குத்தான் கதை முழுவதும் வந்தது. அவள் மாமியார் வீட்டில் உப்புக்கண்டம் போடுவார்கள். ஏரியில் பிடித்த மடவை மீனை வயிறு கிழித்துக் கழுவி, சட்டியில் ஒரு வரிசை மீன், ஒரு வரிசை உப்பு என்று அடுக்கி மூடி வைப்பார்கள். போன வருஷம் அந்தச் சட்டிகள் மொத்தமும் சிவந்துவிட்டன. திறந்தால் மீன்மேல் குங்குமத்தைக் குழைத்துப் பூசின மாதிரி நிறம், குடலைப் புரட்டும் நாற்றம். தீட்டுக்காரி சட்டியைத் தொட்டால்தான் கண்டம் சிவக்கும் என்பது அந்தக் குப்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மருமகளைக் கூப்பிட்டு மாமியார் கேட்டிருக்கிறாள். அவளும் ஒப்புக்கொண்டுவிட்டாள்.

"மெய்தாங்க்கா. நான் ஊட்டுக்கு தூரமா இருந்தேன். தலைல கொட்றாப்ல மழை வந்துச்சு, கொட்டாய் ஒழுவுது, ஊட்ல யாருமில்ல. ஓடிப்போயி சட்டிய எல்லாம் உள்ள தள்ளி மூடுனேன். மீனு நாசமாவக் கூடாதுன்னுதான் போனேன். என் கை பட்டுதான் செவந்துபோச்சு."

மீனைக் காப்பாற்றப் போனவள்மேல் மீனைக் கெடுத்த பழி. அவள் புருஷன் அம்மா பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவன். அவளைக் கொண்டுவந்து தாய் வீட்டில் விட்டுவிட்டு, வாரத்துக்கு ஒரு முறை மீன் கொண்டுவந்து கொடுக்கிற சாக்கில் கம்பெனி கேட்டில் நின்று பார்த்துவிட்டுப் போவான். வருகிற தையில் அவனுக்கு வேறு பெண் பார்க்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் மாமியாரை என்னென்னவோ சொல்லித் திட்டினேன். அவள் மாமியாரை விட்டுக்கொடுக்கவே இல்லை. தப்பு தன்மேல்தான் என்றாள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

அந்த ஆத்திரத்துக்கு ஒரு காரணம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் மாதம் மூன்று நாள் கொல்லைப்புற அறைதான். தட்டு தனி, சொம்பு தனி, பாய் தனி. வேலைக்குச் சேர்ந்த பிறகு மாதாமாதம் மூன்று நாள் லீவு கேட்டால் எந்தக் கம்பெனி கொடுக்கும்? அம்மாவும் நானும் பேசாமலே ஒரு உடன்பாட்டுக்கு வந்திருந்தோம். கொல்லைக் கதவு வழியாகப் போய், கொல்லைக் கதவு வழியாக வந்துவிடுவேன். வழியில் பெரியபாளையம் பஸ்ஸில் வேப்பிலை கட்டிக்கொண்டு அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் என்னை இடித்துக்கொண்டு நிற்பார்கள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்களே, அந்தப் பயம் எனக்கு. மாதத்துக்கு மூன்று நாள், யார்மேலும் பட்டுவிடக் கூடாதென்று உடம்பைச் சுருக்கிக்கொண்டு பஸ்ஸில் போனவள்தான் லேபில் உட்கார்ந்து அவளுக்குப் புத்தி சொன்னேன்.

லேப் அலமாரியில் ஒரு பழைய மைக்ராஸ்கோப் இருந்தது. உப்புக் கற்களின் வடிவத்தைப் பார்க்க எப்போதோ வாங்கியது. சிவந்த உப்பில் ஒரு சிட்டிகையை எடுத்து, சுத்தமான காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்து, கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அதில் உயிரும் இல்லை, மண்ணும் இல்லை, ஏதோ சாயம் ஒட்டியிருக்கிறது என்று பெரிய மனுஷி மாதிரி தீர்ப்புச் சொன்னேன்.

அவள் ஒப்புக்கொள்ளவில்லை. சாயம் என்றால் முதலில் வெள்ளையாக இருந்து அப்புறம் ஏன் சிவக்கிறது, ஒரு மீனில் ஆரம்பித்துப் பக்கத்து மீனுக்கு ஏன் போகிறது என்று கேட்டாள். அது வளர்கிறது என்பது அவள் கட்சி. கண்ணாடித் துண்டுகளைக் கழுவிக்கொண்டே அவள் ஒரு வார்த்தை சொன்னாள்.

"ஏரி மீன நல்ல தண்ணில உட்டா செத்துப்பூடும்க்கா. நீ அத்த நல்ல தண்ணில போட்டுட்டு காணோம்னு தேடிகினு கீறியே."

நான் படித்த படிப்பெல்லாம் ஒரு பக்கம், அந்த ஒரு வார்த்தை ஒரு பக்கம். இனிமேல் ஒரு கல்கூடக் கரையாது என்கிற அளவுக்கு உப்புத் தண்ணீர் கரைத்து, அதில் அந்தச் சிட்டிகையைப் போட்டுப் பார்த்தேன். இருந்தன. குச்சி குச்சியாக, லேசான சிவப்பில், கூட்டம் கூட்டமாக இருந்தன. சில நகர்ந்துகூடப் போயின. ஈயும் எறும்பும் மொய்க்காத, எதையும் கெடாமல் காக்கும் என்று நாம் நம்பியிருக்கிற உப்புக்குள் அவை குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. நல்ல தண்ணீர் பட்டதும் வெடித்துச் செத்துவிடுகின்றன என்று பிறகு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். நமக்கு உயிர் தருவது அவற்றுக்கு எமன்.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இத்துனூண்டு இருந்துகினு என் குடித்தனத்த கெடுத்துச்சா" என்றாள்.

பரபரப்பில் நான் ஒரு மடத்தனம் செய்தேன். அந்த வாரம் கேட்டுக்கு வந்த அவள் புருஷனைக் கூப்பிட்டு, மீனைக் கெடுத்தது உங்கள் பெண்சாதி இல்லை, உயிருள்ள ஒரு சின்னப் பூச்சி, உங்கள் அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள் என்றேன். அவன் போய்ச் சொன்னான். மாமியார் கேட்ட கேள்வியை அடுத்த வாரம் கொண்டுவந்தான். பூச்சி என்றால் அது எங்கிருந்து வந்தது, அவள் மேலிருந்துதானே என்று கேட்டிருந்தாள். கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொண்ட மாதிரி ஆயிற்று. தீட்டு என்றால் குளித்தால் போய்விடும். பூச்சி பிடித்தவள் என்றால் யார் வீட்டில் சேர்ப்பார்கள்? அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மேஜைமேல் இருந்த பேப்பர் தடுப்பைக் கொஞ்சம் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டாள். என் சாப்பாட்டில் அந்தப் பூச்சி பட்டுவிடக் கூடாதாம்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் ஆடியில் அமெரிக்காக்காரன் அனுப்பிய கலம் செவ்வாயில் போய் இறங்கியது. அப்பா தினமும் கோயிலிலிருந்து வந்ததும் பேப்பரை எனக்கும் அம்மாவுக்கும் படித்துக்காட்டுவார். சிவப்பு மண், சிவப்பு வானம் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் பேப்பரில் படம் கறுப்பு வெள்ளைதான், நாங்களாகச் சிவப்பைச் சேர்த்துக்கொண்டோம். அங்கே உயிர் ஏதாவது இருக்கிறதா என்று அந்த மிஷின் எப்படிக் கண்டுபிடிக்கும் என்றும் ஒரு நாள் எழுதியிருந்தது. மண்ணை அள்ளி இரண்டு பங்காக வைக்கும். ஒரு பங்கை அப்படியே விடும். இன்னொரு பங்கைக் கொளுத்திச் சூடாக்கும். உயிர் இருந்தால் சூட்டில் செத்துவிடும் இல்லையா? அப்படியே விட்டதில் மட்டும் ஏதாவது நடந்து, சுட்டதில் நடக்காமல் போனால், உயிர் இருக்கிறது என்று பொருள். அப்பா படித்துக்கொண்டே போனார். எனக்கு அதற்குமேல் காதில் விழவில்லை. இரண்டு சட்டி, ஒன்றில் பச்சை உப்பு, ஒன்றில் வறுத்த உப்பு என்று மனசுக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது.

இந்தத் தடவை புருஷனை நம்பிப் பயனில்லை என்று, அவன் மூலமாக ஒரே ஒரு செய்தி மட்டும் அனுப்பினேன். பூச்சி வந்தது உங்கள் உப்பிலிருந்து, உங்கள் மருமகளிடமிருந்து இல்லை, அதை உங்கள் வீட்டிலேயே உங்கள் கையாலேயே காட்டுகிறேன், ஒரு நாள் வரலாமா என்று. ஐயரூட்டுப் பொண்ணு மீன் சட்டியைத் தேடி வருகிறதென்றால் வரட்டுமே, ஆடி மூணாம் ஞாயிற்றுக்கிழமை வரட்டும், மீன் எடுத்து வைக்கிறேன் என்று பதில் வந்தது. குப்பத்தில் நாலு பெரியவர்களுக்கும் சொல்லிவிட்டாளாம். தப்பினால் இன்னொரு நாள் கேட்க முடியாது. என் லேப் தோழி அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், வர வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னாடியே, எனக்கு வந்துவிட்டது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போன் கிடையாது, சொல்லி அனுப்ப ஆள் கிடையாது. போகாவிட்டால் அவள் வாழ்க்கை போயிற்று. போய்த் தொட்டு, யாருக்காவது தெரிந்தால், அதைவிட மோசமாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் என்ன வேலை என்று அம்மா கேட்டாள். பொய் சொல்லிவிட்டுக் கொல்லைக் கதவு வழியாகக் கிளம்பினேன். ஒரு சமாதானம் மட்டும் வைத்திருந்தேன். இரண்டு சட்டியையும் மாமியாரே போடட்டும், நான் தூர நின்று வாயால் சொன்னால் போதும்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை அன்று ஏரிக்கரையில்தான் பார்த்தேன். புடவையைப் பிடித்துக்கொண்டு நடப்பதே பெரும்பாடாக இருந்தது. தோழி வீட்டு வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள், உள்ளே வர அனுமதி இல்லை. மாமியார் நான் நினைத்திருந்த மாதிரி இல்லை. ஒல்லியாக, குள்ளமாக, கண் மட்டும் கூர்மையாக இருந்தாள். முதல் நாள்தான் பெரியபாளையம் போய்விட்டு வந்திருந்தாள். வந்தவளை உட்காரச் சொல்லி, அம்மன் குங்குமத்தை எடுத்து நீட்டினாள்.

என் கை தானாகப் பின்னால் போய்விட்டது. கையெல்லாம் புழுதி, அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று என்னவோ உளறினேன். பெருமாள் கோயில் வீட்டுப் பெண், அம்மன் குங்குமம் வாங்க மாட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். குங்குமத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

மடவையை அவளே கிழித்துக் கழுவி வைத்திருந்தாள். உப்பு ஒரே குவியலிலிருந்து. அதில் பாதியை இரும்புச் சட்டியில் கொட்டி, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வறுக்கச் சொன்னேன். உப்பு படபடவென்று வெடித்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலியோரம் வந்து வேடிக்கை பார்த்தார்கள். முதல் சட்டியில் பச்சை உப்பைப் போட்டு அவளே அடுக்கி மூடினாள். வறுத்த உப்பு ஆறியது. இரண்டாவது சட்டியை அவள் என் பக்கம் தள்ளினாள்.

"உன் உப்பு இது. நீயே உன் கையால போடு" என்றாள்.

எனக்கு மீன் தொட்டுப் பழக்கமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். பழகிக்கொள் என்றாள். வேலிக்கு வெளியே நின்ற தோழி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்று கையை விட்டேன். இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன். மைக்ராஸ்கோப்பில் என் கண்ணாலேயே பார்த்தவள் நான். சுட்டால் செத்துவிடும் என்று தெரிந்தவள். ஆனாலும் ஒவ்வொரு மீனையும் விரல் நுனியால் மட்டும் பிடித்து வைத்தேன். என் தீட்டால் இது சிவந்துவிட்டால் என்ன செய்வேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். படித்த படிப்பு தலையோடு நின்றுவிட்டது. கைக்கு இறங்கவில்லை.

இரண்டு சட்டியையும் ஓலைப் பெட்டியில் வைத்துக் கட்டி, முடிச்சின்மேல் சாணி மெழுகினாள். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது மீன் நாற்றம் போக கம்பெனிக் குழாயடியில் சோப்புப் போட்டு மூன்று தடவை கையைக் கழுவினேன். அம்மா மோப்பம் பிடித்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பிறகு மூன்று வாரம். கம்பெனியில் ஒரு காகிதத்தில் கோடு போட்டு ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தாள் அவள். வீட்டில் அப்பா செவ்வாய்ச் செய்தியைப் படித்துக்கொண்டிருந்தார். மண்ணிலிருந்து ஏதோ காற்று வந்தது, உயிர்தான் என்றார்கள். இல்லை, உயிரின் அறிகுறி வேறெதுவும் காணோம், வெறும் ரசாயனம் என்று அடுத்த நாள் வேறு சிலர் சொன்னார்கள். பேப்பரை மடித்து வைத்துவிட்டு அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அங்கே ஒண்ணுமே இல்லையாம்மா. அப்போ உன் தோஷம் மட்டும் எங்கேர்ந்து வர்றது?"

நான் சிரிக்கவில்லை. அங்கே போயும் நல்ல தண்ணீரை ஊற்றிக் கொன்றுவிட்டுத்தான் காணோம் என்று தேடுகிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன். அதைச் சொன்னால் அப்பாவுக்குப் புரிய வைக்கக் கண்டம் போட்ட கதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கேள்வியை நான் முதலில் கேட்டது ஒரு மீனவப் பெண்ணின் வாயிலிருந்து என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு கர்வம் உண்டு.

ஆவணி பிறந்து ஒரு வாரம் இருக்கும். வழக்கமான நாள் இல்லாத ஒரு நாளில் அவள் புருஷன் கேட்டில் வந்து நின்றான். கையில் இரண்டு இலைப் பொட்டலம். ஒன்றைப் பிரித்தான். மடவை, குங்குமம் குழைத்த மாதிரி. நாற்றத்தில் வாட்ச்மேன் எழுந்து போய்விட்டான். அது அம்மா போட்ட சட்டி என்றான். இன்னொன்றைப் பிரித்தான். உப்புப் பூத்து வெள்ளை வெளேரென்று இருந்தது.

"அம்மா உன்ன கூட்டிகினு வரச் சொல்லிச்சு" என்றான் அவளைப் பார்த்து.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். ஆபீசர் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன நாற்றம் இது என்று கத்தினார். அன்றைக்கு மத்தியானமே வேலையை விட்டுவிட்டு அவனுடன் போய்விட்டாள். மறுநாள் மேஜைக்கு அந்தப் பக்கம் யாருமில்லை. மடித்த பேப்பர் மட்டும் நின்றுகொண்டிருந்தது. அதை எடுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை, ரொம்ப நாள் அப்படியே இருந்தது.

சந்தோஷம்தான். ஆனால் அதற்குள் ஒரு முள். என் கை பட்ட சட்டி வெள்ளையாக இருந்தது. அதைவிடப் பெரிய சாட்சி உலகத்தில் வேறென்ன வேண்டும்? அதைத்தான் நான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. தோழியிடம்கூடச் சொல்லவில்லை. ஏமாற்றி ஒரு வீட்டுக்குள் நுழைந்தேன், அவர்கள் நம்பிக்கையை அவர்களுக்குத் தெரியாமல் மிதித்தேன் என்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது.

எழுபத்தொன்பதில் எனக்கும் கல்யாணம் நிச்சயமாயிற்று. என்னைப் போலவே செவ்வாய் உட்கார்ந்திருந்த ஒரு ஜாதகம் எங்கோ கிடைத்துவிட்டது. வேலையை விடுவதற்கு முந்தின வாரம் பத்திரிகை கொடுக்க அந்தக் குப்பத்துக்குப் போனேன். தோழி இடுப்பில் ஒரு பெண் குழந்தை. என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் வீட்டில் இப்போது உப்பை வறுத்துத்தான் கண்டம் போடுகிறார்களாம். மூன்று நாள் கணக்கெல்லாம் முன்போலவே உண்டு, சட்டிப் பக்கம் அவள் போவதில்லை. ஒரு சட்டியால் உலகம் மாறிவிடும் என்று நான் நினைத்திருந்தால் அது என் அசட்டுத்தனம். ஆனால் மீன் கெட்டால் உப்பைத்தான் பார்க்கிறார்கள், யாரும் அவளைப் பார்ப்பதில்லை.

அவள் குழந்தையோடு கடைக்குப் போன சமயம் மாமியாரும் நானும் தனியாக இருந்தோம். பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவள், அதைக் கீழே வைக்காமலே பேச ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு நீ தூரம்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

நாங்கள் பெருமாள் கோயில் வீடு, அதனால்தான் குங்குமம் வாங்கவில்லை என்று மூன்று வருஷத்துப் பழைய பொய்யை மறுபடியும் எடுத்தேன். அவள் கையை வீசி அதைத் தள்ளிவிட்டாள்.

"பெரியபாளையத்தம்மன வேணான்னு சொல்ற பொம்பள இந்தப் பக்கத்துல ஏது? கைய இழுத்த பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு. தொரத்தலாம்னுதான் பாத்தேன். அப்பறம் நெனச்சேன், வந்தது வந்துட்ட, நீயே போடு, பாத்துடலாம்னு. அதுக்குத்தான் ரெண்டாவது சட்டிய உன் பக்கம் தள்ளுனேன். நான் குளிச்சு முழுகிப் போட்டது செவந்துபோச்சு. நீ போட்டது வெள்ளையா இருந்துச்சு. நீ மட்டும் அன்னிக்கு சுத்தமா வந்திருந்தா, உப்பு பூச்சின்னு நீ சொன்ன எதையும் நான் நம்பியிருக்க மாட்டேன். பொண்ணக் கூட்டியாந்திருக்கவும் மாட்டேன்."

இந்த விஷயத்தை யாரிடமாவது சொன்னாளா என்று கேட்டேன். மருமகளுக்குக்கூடத் தெரியாது என்றாள். மூன்று வருஷமாக நான் ஒளித்து வைத்திருந்ததை, அவளும் மூன்று வருஷமாக எனக்காக ஒளித்து வைத்திருந்தாள். என்னைவிடப் பத்திரமாக வைத்திருந்தாள்.

எழுந்து உள்ளே போய் ஒரு பொட்டலத்துடன் வந்தாள்.

"இன்னிக்கு வச்சிக்கலாமில்ல?" என்றாள்.

நான் நெற்றியைக் காட்டினேன்.